சினிமாக் காமிராவைக் கண்டுபிடித்தவர் யார்?

சினிமா என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் நடிகர்களும் பாடகர்களுமே ஆவர். அவர்களுடைய முகத்தையும் குரலையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த கருவியைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலர். அக்கருவியை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால், அமெரிக்கர் எடிசன் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் லூமியேர் சகோதரர்கள் என்பார்கள். ஆங்கிலேயர் சிலர் லீட்ஸ் நகரில் படம் பிடித்த லெ பிரான்ஸ் என்பார்கள். ஜெர்மானியரோ பெர்லினில் படம் காட்டிய ஸ்கிளாடனாவ்ஸ்கி சகோதரர்களின் பெயரைச் சொல்வார்கள். இந்நான்கு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுள் எந்த ஒன்றும் முழு உண்மை அன்று.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு முன், சினிமாக் காமிரா செய்யும் வேலை யாது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

நின்றால்தான் ஓடும்

படம் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் திரையில் எந்தப் படமும் ஓடுவதில்லை. படச்சுருளில் இருப்பவை அனைத்தும் அசையாத சிறுசிறு நிழற்படங்களே. காமிராவின் உள்ளே படச்சுருள் லென்ஸுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ஒளியை மறைக்கும் தகடு விலகுகிறது. ஒரு படம் பதிகிறது. தகடு மீண்டும் மூடுகிறது. மூடிய அந்த நேரத்தில் சுருள் ஒரு கட்டம் கீழே இழுக்கப்பட்டு, மறுபடியும் அசையாமல் நிற்கிறது. பேசும் படக் காலத்தில் இவ்வேலை ஒரு நொடியில் 24 முறை நடந்தது. கொட்டகையில் படங்காட்டும் கருவியும் இதே வேலையைத்தான் செய்தது.

சுருள் நில்லாமல் ஓடுமாயின் படத்தில் பதிவது வெறும் தீற்றலாகவே இருக்கும். ஆகவே படம் ஓட வேண்டுமானால் சுருள் நின்று நின்று செல்ல வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றின் நீளம் 13,500 அடி. அது திரையில் ஓடி முடிவதற்குள் சுருள் 2,16,000 முறை நின்று புறப்படுகிறது. மெல்லிய சுருளை இத்தனை முறை இழுத்து, நிறுத்தி, கிழியாமல் காப்பது எப்படி? இதுவே சினிமாக் கருவியின் தலையாய சிக்கல். லென்ஸ் முன்பே இருந்தது. நிழற்படக் கலையும் இருந்தது. படத்தை ஒளியால் சுவரில் வீழ்த்திக் காட்டும் மாய விளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இல்லாதது இந்த நிறுத்தல் ஒன்றுதான்.

அசையாத படங்கள் அசைவதாகத் தோன்றுவது ஏன் என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1832ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜோசப் பிளாத்தோ, ஒரு வட்டத் தகட்டின் விளிம்பில் ஒரு செயலின் பல நிலைகளை வரைந்து, அதனைச் சுழற்றி, சிறு பிளவுகளின் வழியே கண்ணாடியில் பார்த்தார். சித்திரம் உயிர் பெற்றது. அதே சமயத்தில் ஆஸ்திரிய நாட்டு ஸ்டாம்பரும் தனியே இதனைக் கண்டார். பார்வையின் இயல்பை ஆராய்ந்த பிளாத்தோ பிற்காலத்தில் தம் பார்வையையே இழந்தார் என்பது வருந்தத்தக்க செய்தி. கண்ணில் ஒரு உருவம் சிறிது நேரம் தங்குவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறி வந்தன. அது மட்டும் போதிய விளக்கம் அன்று என்பதும், அடுத்தடுத்து வரும் நிலைகளை இணைத்து அசைவாக உணர்வது மூளையின் வேலை என்பதும் பின்னர் தெளிவாயின.

பன்னிரண்டு காமிராக்களும் ஒரு துப்பாக்கியும்

1878ஆம் ஆண்டு ஜூன் மாதம், கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் இடத்தில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற நிழற்படக்காரர் ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். குதிரை பாய்ந்து ஓடும்போது நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது அக்காலத்தில் பேசப்பட்ட கேள்வி. செல்வர் லீலண்ட் ஸ்டான்போர்டு இதற்கு வேண்டிய பொருளுதவி செய்தார். மைபிரிட்ஜ் பாதையோரத்தில் 12 காமிராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓடும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடித்தன. நான்கு கால்களும் எழுவது உறுதியாயிற்று. ஓவியர்கள் தீட்டி வந்தது போல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருந்தபோது அன்று, வயிற்றின் கீழ் மடங்கி ஒன்று கூடியிருந்தபோதே அவை எழுந்தன.

இது பெரிய வெற்றியே. ஆயினும் 12 படங்களுக்கு 12 காமிராக்கள் என்றால், ஒரு நிமிடப் படத்துக்கு எத்தனை காமிராக்கள் வேண்டும்? ஒரே காமிரா பல படங்களை எடுக்கும் வழியை முதலில் காட்டியவர் ஒரு வானநூலார். 1874ஆம் ஆண்டில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்ற காட்சியைப் பதிவு செய்ய, பிரெஞ்சு அறிஞர் ஜூல் ஜான்சென் சுழலும் தகடுள்ள காமிரா ஒன்றை ஜப்பானுக்குக் கொண்டு சென்றார். அது 72 நொடிகளில் 48 படங்களை எடுக்க வல்லது. அதனைப் பின்பற்றி, பாரிசில் இருந்த உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்தார். பறக்கும் பறவையைக் குறிபார்த்து விசையை அழுத்தினால், ஒரு நொடியில் 12 படங்கள் பதிந்தன. பறவை எதுவும் இறக்கவில்லை. அதன் சிறகடிப்பு மட்டும் தகட்டில் அகப்பட்டது. 1888இல் மாரே கண்ணாடித் தகட்டை விட்டுக் காகிதச் சுருளுக்கு மாறினார். அச்சுருளில் துளைகள் இல்லாமையால் படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒழுங்காக அமையவில்லை. அதனால் அவற்றைத் திரையில் நடுங்காமல் காட்ட இயலவில்லை. பறவையின் அசைவைப் பகுத்து ஆராய்வதே மாரேயின் நோக்கம். திரையில் காட்டுவது அன்று.

சுருள் வந்த வழி

நிறுத்தி இழுப்பதற்கு முதலில் சுருட்டக்கூடிய பொருள் ஒன்று வேண்டும். 1851 முதல் வழங்கிய முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்ட் மாடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்ந்த தகட்டுக்கு வழி கண்டார். அதன் பின்னரே ஒரு நொடியின் சிறு பகுதியில் படம் எடுப்பது எளிதாயிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் காகிதச் சுருள் இட்ட கோடக் காமிராவை விற்றார். அடுத்த ஆண்டில் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுச் சுருளைக் கொண்டுவந்தார்.

ஈஸ்ட்மனுக்கு முன்பே, 1887இல், நியூவர்க் நகரில் வாழ்ந்த ஹன்னிபால் குட்வின் என்ற பாதிரியார் அத்தகைய சுருளுக்கு உரிமைப் பத்திரம் கோரி விண்ணப்பித்திருந்தார். பதினோர் ஆண்டுகள் கழித்து 1898இல்தான் அது அவருக்குக் கிடைத்தது. 1900இல் அவர் இறந்துபோனார். அவருடைய உரிமையைப் பெற்ற நிறுவனம் வழக்காடி வென்று, 1914இல் ஈஸ்ட்மன் நிறுவனத்திடமிருந்து 50 லட்சம் டாலர் பெற்றது. கண்டவர் உயிரோடிருந்து அந்நாளைக் காணவில்லை.

மறைந்துபோன மனிதர்

லூயி லெ பிரான்ஸ் பிரான்சு நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வாழ்ந்தவர். 1888ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒற்றை லென்ஸ் உள்ள தமது காமிராவில் ஈஸ்ட்மனின் காகிதச் சுருளை இட்டு, ரவுண்டே என்ற இடத்தில் ஒரு தோட்டத்தில் தம் குடும்பத்தார் நடமாடுவதைப் படம் பிடித்தார். இரண்டு நொடி அளவே உள்ள அச்சலனப் படத்தில் அவருடைய மாமியார் பின்னோக்கி நடந்து செல்கிறார். படம் எடுத்த சில நாட்களில் அம்மூதாட்டி காலமானார். இன்றுவரை எஞ்சியுள்ள சலனப் படங்களுள் இதுவே மிகப் பழமையானது என்று கருதப்படுகிறது.

1890ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் லெ பிரான்ஸ் டிஜோன் நகரில் பாரிசுக்குச் செல்லும் ரயிலில் ஏறினார். அதன் பின் அவரை யாரும் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. அவருடைய காமிரா பொதுமக்கள் முன்னிலையில் படம் காட்டும் நிலைக்கு வராமலே நின்றுபோயிற்று. அவர் தொடர்ந்திருந்தால் வரலாறு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எடிசனின் பெட்டி

எடிசன் இத்துறைக்கு வந்தது 1888இல். அவ்வாண்டு மைபிரிட்ஜ் அவரை வந்து கண்டார். அடுத்த ஆண்டு எடிசன் பாரிசுக்குச் சென்று மாரேயின் சுருளைப் பார்த்தார். பாட்டுப் பெட்டி காதுக்குச் செய்ததைக் கண்ணுக்குச் செய்யும் கருவி வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வேலையைச் செய்தவர் அவரிடம் பணியாற்றிய வில்லியம் டிக்சன். ஈஸ்ட்மனின் 70 மில்லிமீட்டர் அகலச் சுருளை இரண்டாகப் பிளந்து 35 மில்லிமீட்டர் ஆக்கி, ஒவ்வொரு படத்துக்கும் இருபுறமும் நான்கு நான்கு துளைகள் இட்டவர் அவரே. மாரேயின் சுருளில் இருந்த குறை இத்துளைகளால் தீர்ந்தது. பற்சக்கரத்தின் பற்கள் துளைகளில் பொருந்தவே, படங்கள் ஒரே இடைவெளியில் அமைந்தன. டிக்சன் அமைத்த அந்த அகலமும் துளைக் கணக்குமே நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் வழங்கின.

அவர்கள் செய்த காமிராவுக்குக் கினட்டோகிராப் என்று பெயர். மின்சாரத்தால் இயங்கிய அது மிகவும் கனமானது. ஆகவே நடிகர்களும் வித்தைக்காரர்களும் அதனைத் தேடி, 1893இல் கட்டப்பட்ட கறுப்புக் கொட்டகைக்கு வந்தார்கள். கதிரவன் செல்லும் திசைக்கு ஏற்ப அக்கொட்டகையே தண்டவாளத்தில் சுழன்றது.

எடுத்த படத்தைக் காட்டிய பெட்டியின் பெயர் கினட்டோஸ்கோப். 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் பத்துப் பெட்டிகள் வைக்கப்பட்டன. 25 சென்டு கொடுத்தவர் ஐந்து பெட்டிகளில் குனிந்து பார்க்கலாம். ஒரு சமயத்தில் ஒருவரே பார்க்க முடியும். காரணம் என்னவெனில், காமிராவில் சுருளை நிறுத்தி நிறுத்தி இழுத்த எடிசனார், பெட்டியில் அதனை நில்லாமல் ஓடவிட்டார். தீற்றல் தோன்றாதபடி குறுகிய பிளவு ஒன்றின் வழியே கணப்பொழுது மட்டும் ஒளி வந்தது. கண்ணருகே வைத்துப் பார்ப்பதற்கு அவ்வொளி போதும். தொலைவிலுள்ள திரையை நிரப்பப் போதாது. திரையில் காட்ட வேண்டுமானால் அங்கேயும் சுருள் நின்றாக வேண்டும்.

தையல் பொறி தந்த பாடம்

லியோன் நகரில் நிழற்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை அந்துவான் லூமியேர் என்பவர் நடத்தி வந்தார். அவருடைய மக்கள் அகுஸ்த், லூயி ஆகிய இருவரும் எடிசனின் பெட்டியைக் கண்டு, அதன் குறையை நீக்க முயன்றனர். ஓர் இரவு உறக்கமில்லாமல் கிடந்தபோது தம்பி லூயிக்கு வழி தோன்றியது என்று தமையனார் அகுஸ்த் பின்னாளில் கூறியுள்ளார். அவ்வழியைக் கற்பித்தது தையல் பொறி. அப்பொறியில் ஊசி துணியில் இறங்கியிருக்கும்போது துணி நிற்கிறது. ஊசி மேலே எழுந்ததும் துணி ஒரு தையல் அளவு நகர்கிறது. இதே முறையில் இரண்டு சிறு நகங்கள் சுருளின் துளைகளில் நுழைந்து, ஒரு கட்டம் கீழே இழுத்து, பின்வாங்கி, மேலே எழுந்து, மீண்டும் நுழையுமாறு செய்தார்கள். நகங்கள் வெளியே இருக்கும் நேரத்தில் சுருள் அசையாமல் நிற்கும்.

1895 பிப்ரவரி 13ஆம் நாள் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். சினிமட்டோகிராப் என்ற அக்கருவியின் எடை சுமார் 5 கிலோ. கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 படங்கள் பதிந்தன. மின்சாரம் தேவையில்லை. அதே பெட்டி படம் பிடித்தது, படிவம் எடுத்தது, பின்னால் விளக்கை வைத்தால் திரையிலும் காட்டியது. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் ஒரு காபிக் கடையின் அடித்தளத்தில், ஒரு பிராங்கு கட்டணத்தில், பத்துச் சிறு படங்கள் காட்டப்பட்டன. அன்று வந்தவர்கள் முப்பத்து மூன்று பேர் என்பர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, நவம்பர் முதல் நாளில், பெர்லினில் ஸ்கிளாடனாவ்ஸ்கி சகோதரர்கள் தம் கருவியால் படம் காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கருவி இரண்டு சுருள்களை மாற்றி மாற்றிக் காட்டும் சிக்கலான அமைப்புடையது, நெடுநாள் நிலைக்கவில்லை. லூமியேர் பெட்டியோ தோளில் தூக்கிச் செல்லக்கூடியது. ஏழே மாதத்தில், 1896 ஜூலை 7ஆம் நாள், பம்பாய் நகர மக்கள் அதன் படங்களைக் கண்டுவிட்டார்கள்.

ஒரு சிறு வளையம்

லூமியேர் படங்கள் ஒவ்வொன்றும் 17 மீட்டர் நீளமே உடையவை. சுமார் 50 நொடியில் முடிந்துவிடும். அதைவிட நீண்ட சுருளை இட்டால் கிழிந்துபோயிற்று. மேலுள்ள சுருள் கனமானது. நகம் அதனை வெடுக்கென்று இழுக்கும்போது, அக்கனம் முழுவதையும் துளைகளே தாங்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு கண்டது நியூயார்க்கில் உட்வில் லேதம் என்பவரும் அவருடைய மக்களும் நடத்திய நிறுவனம். முழுக் குத்துச்சண்டை ஒன்றைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எடிசனிடமிருந்து விலகிய டிக்சனும் அவர்களுக்கு உதவினார். லென்ஸுக்கு மேலேயும் கீழேயும் சுருளைச் சிறிது தளர்த்தி ஒரு வளையம் போல் விட்டார்கள். அவ்வளவுதான். மேலுள்ள பற்சக்கரம் பெருஞ்சுருளிலிருந்து ஒரே சீராகப் பிலிமை இறக்கிக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தி இழுக்கும் பகுதி அந்தத் தளர்ச்சியிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். 1895 மே மாதத்தில் அவர்கள் தம் குத்துச்சண்டைப் படத்தை மக்களுக்குக் காட்டினார்கள். நாம் மூன்று மணி நேரக் கதைகளைக் கொட்டகையில் பார்க்க முடிந்ததற்குக் காரணம் இத்தளர்ந்த வளையமே.

படங்காட்டும் கருவிக்கு வேறோர் உறுப்பும் வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்துக் கடிகாரக்காரர்கள், வில்லுக்கு அளவு மீறிச் சாவி கொடுக்காமல் தடுக்க, சிலுவை வடிவச் சக்கரம் ஒன்றைக் கையாண்டனர். அதில் நான்கு பிளவுகள் இருக்கும். அருகே இடைவிடாது சுழலும் தகட்டிலுள்ள முளை, ஒரு சுற்றுக்கு ஒரு முறை பிளவில் நுழைந்து, சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். எஞ்சிய நேரமெல்லாம் சிலுவை பூட்டியது போல் நிற்கும். 1896இல் இலண்டனில் ராபர்ட் பாலும் பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டரும் இதனைப் படங்காட்டும் கருவியில் அமைத்தனர். கொட்டகை ஆபரேட்டர் அறையிலிருந்து கேட்ட கடகடவென்ற ஓசைக்கு இச்சிலுவையே முதற்காரணம்.

நிற்பதில் உள்ள ஆபத்து

கணப்பொழுது நின்றால் படம். சற்று அதிகமாக நின்றால் நெருப்பு. அக்காலச் சுருள் நைட்ரேட்டு கலந்தது, வெடிமருந்துக்கு உறவானது. ஒரு முறை பற்றினால் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே தருவதால் நீருக்குள்ளும் எரியும். சுடரும் கார்பன் விளக்கின் முன் சுருள் சிக்கி நின்றுவிட்டால் தீப்பற்றிற்று. எனவேதான் கருவி நின்றவுடன் ஒளியை மறைக்கும் தகடும், இரும்புக் கதவிட்ட தனி அறையும் கட்டாயமாக்கப்பட்டன.

1897 மே 4ஆம் நாள் பாரிசில் ஓர் அறச்சந்தையில் ஏற்பட்ட தீயில் 120க்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே தீ எழுந்தது சுருளிலிருந்து அன்று. படங்காட்டும் விளக்குக்கு ஈதர் ஊற்றும்போது கொளுத்திய தீக்குச்சியிலிருந்து. எனினும் பழி சினிமாவின் மேல் விழுந்தது. எளிதில் பற்றாத சுருள் 1923இல் 16 மில்லிமீட்டர் அளவில் வீட்டுக் காமிராக்களுக்கு வந்தது. கொட்டகைப் படங்கள் நைட்ரேட்டை விட்டு நீங்கியது 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

நீதிமன்றத்தில் சினிமா

இவ்வாறு பலர் கையால் உருவான கருவியைத் தமக்கே உரியதென்று எடிசன் வழக்காடினார். சுருளைத் துளையிட்டு நிறுத்தி இழுக்கும் காமிரா எதுவாயினும் தமக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அவர் வாதம். எதிர்த்து நின்ற நிறுவனத்தின் சார்பில் 1898இல் சாட்சி சொன்னவர்களுள் லெ பிரான்சின் மகனும் ஒருவர். 1902இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், சலனப் படக் காமிரா முழுவதற்கும் எடிசன் உரிமையாளர் ஆகார் என்று தீர்ப்பளித்தது.

அவர் அத்துடன் விடவில்லை. 1908 டிசம்பரில் பெரிய பட நிறுவனங்கள் எடிசனோடு ஒன்று சேர்ந்து உரிமைப் பத்திரங்களைப் பொதுவில் வைத்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஈஸ்ட்மன் அக்கூட்டத்தாருக்கு மட்டும் சுருள் விற்க இசைந்தார். அவர்கள் கைக்கொண்ட படைக்கலங்களுள் ஒன்று லேதம் வளையத்துக்கான உரிமைப் பத்திரம். அவ்வளையம் இன்றி நீண்ட சுருளைக் கிழியாமல் ஓட்டுவது அரிது. உரிமம் இல்லாத படமுதலாளிகள் வெளிநாட்டுக் காமிராக்களை மறைத்து வைத்துப் படம் எடுத்தார்கள். அவர்களுள் பலர் கிழக்குக் கரையை விட்டு நெடுந்தொலைவிலுள்ள கலிபோர்னியாவுக்குச் சென்றதற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. 1912இல் வளையத்தின் உரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1915இல் கூட்டமைப்பே சட்ட விரோதமானது என்று முடிவாயிற்று. யாரைத் தடுக்க அக்கூட்டமைப்பு எழுந்ததோ, அவர்களே ஹாலிவுட்டை உண்டாக்கினார்கள்.

நம் நாட்டார் கையில்

எடிசன் ஐரோப்பாவில் உரிமைப் பத்திரம் பெறவில்லை. அதனால் ராபர்ட் பால் முதலிய ஆங்கிலேயர் தடையின்றிக் கருவிகள் செய்து விற்றனர். கருவி கிழக்கு நாடுகளுக்கு எளிதில் வந்து சேர்ந்ததற்கு இதுவும் உதவிற்று. திருச்சிராப்பள்ளியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் படங்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமிட்டுக் காட்டினார். தாதாசாகிப் பால்கே 1912இல் இலண்டன் சென்று வில்லியம்சன் காமிரா ஒன்றை வாங்கி வந்தார். அக்காலத்தில் சுருள் துளையில்லாமலும் விற்கப்பட்டது. இருட்டறையில் அமர்ந்து, அச்சுருளுக்குத் துளையிடும் வேலையை அவருடைய மனைவியார் சரஸ்வதி அம்மையார் செய்தார். 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா' அவ்வாறு உருவாயிற்று. சென்னையில் நடராஜ முதலியார், புனாவில் ஓர் ஆங்கிலக் காமிராக்காரரிடம் தொழில் பழகி வந்து, தென்னாட்டின் முதற் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்தார். டிக்சன் வகுத்த துளைகளும் லூமியேர் கண்ட நகங்களும் இவர்கள் கையில் நம் புராணங்களைப் படமாக்கின.

ஒலியும் வண்ணமும்

1912இல் சிகாகோ நகரின் பெல் அண்டு ஹவல் நிறுவனம் முற்றும் உலோகத்தாலான காமிராவை வெளியிட்டது. அதில் சுருள் நிற்கும்போது அசையாத இரு முளைகளில் துளைகள் சென்று பொருந்தின. இந்நுட்பம் ஏன் வேண்டும்? சுருளில் 22 மில்லிமீட்டர் அகலமுள்ள படம் திரையில் 300 மடங்கு பெரிதாகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகி நின்றாலும், திரையில் படம் 3 சென்டிமீட்டர் துள்ளும்.

1927இல் பேசும் படம் வெற்றி பெற்றதும் புதிய சிக்கல் தோன்றியது. படத்துக்குச் சுருள் நின்று செல்ல வேண்டும்; ஒலிக்கோ அது சீராக ஓட வேண்டும். நின்று நின்று போனால் பாட்டு விக்கலாகிவிடும். இங்கும் வளையமே கைகொடுத்தது. படவாயிலில் நின்று சென்ற சுருள், கீழ் வளையத்தைக் கடந்ததும் சீராக ஓடியது. அங்கே ஒலியைப் படித்தார்கள். ஆகவே ஒரு படத்துக்குரிய ஒலி, சுருளில் அதற்குச் சுமார் 20 கட்டங்கள் முன்னால் பதிந்திருந்தது. கையால் சுற்றிய வேகம் ஒலிக்கு ஒவ்வாததால், நொடிக்கு 24 கட்டம் என்ற கணக்கு நிலைபெற்றது. காமிராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் விழாதபடி, முதலில் காமிராக்காரரையும் காமிராவையும் சேர்த்தே ஒரு கண்ணாடி அறையில் அடைத்தார்கள். உள்ளே வெப்பம் தாங்க முடியவில்லை. பின்னரே காமிராவுக்கு மட்டும் ஒலிதடுக்கும் உறை அமைத்தனர்.

1932இல் வந்த டெக்னிகலர் காமிராவில் ஒன்றல்ல, மூன்று சுருள்கள் ஒரே கணத்தில் நின்று ஒரே கணத்தில் நகர்ந்தன. மூன்று நிறங்கள் தனித்தனியே பதிந்தன. 1937இல் ஜெர்மனியில் வெளிவந்த அரிபிளெக்ஸ் காமிராவின் ஒளிமறைப்புத் தகடு கண்ணாடியாலானது. தகடு மூடி, சுருள் நகரும் நேரத்தில், ஒளி காமிராக்காரரின் கண்ணுக்குத் திருப்பப்பட்டது. சுருள் பார்க்கும்போது மனிதர் பார்ப்பதில்லை. மனிதர் பார்க்கும்போது சுருள் பார்ப்பதில்லை. இருவரும் மாறி மாறிப் பார்த்தே படம் எடுத்தார்கள்.

முடிவுரை

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்ற இருவர் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமிக்கும் சில்லை வகுத்தனர். அதன் வழிவந்த டிஜிட்டல் காமிராக்கள் படச்சுருளின் இடத்தைப் பிடித்தன. 2011ஆம் ஆண்டளவில் பெயர்பெற்ற நிறுவனங்கள் புதிய பிலிம் காமிராக்கள் செய்வதை நிறுத்திவிட்டன. 2013இல் பியூஜி நிறுவனமும் சினிமாச் சுருள் செய்வதை விட்டது. சில இயக்குநர்கள் விரும்பிக் கேட்பதால் கோடக் சுருள் இன்னும் வருகிறது. நகங்களும் சிலுவையும் வளையமும் பெரும்பாலும் அருங்காட்சியகம் சேர்ந்தன. ஆயினும் அக்கருவிகள் வகுத்த முறை அழியவில்லை. டிஜிட்டல் காமிராவும் அசைவை அப்படியே பிடிப்பதில்லை. காலத்தை நொடிக்கு 24 கட்டங்களாக வெட்டியே பதிவு செய்கிறது.

இனி நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். அசைவைப் பகுத்தவர் மைபிரிட்ஜும் மாரேயும். சுருளைத் தந்தவர் குட்வினும் ஈஸ்ட்மனும். ஒற்றைக் காமிராவில் சுருளை இட்டுக் காட்டியவர் லெ பிரான்ஸ். துளையை வகுத்தவர் டிக்சன். அவருக்கு இடமும் பொருளும் தந்தவர் எடிசன். நகத்தை அமைத்தவர் லூமியேர். வளையத்தைத் தளர்த்தியவர் லேதம் குழுவினர். இவர்களுள் ஒருவரை நீக்கினாலும் படம் தடைப்படும். ஒருவரை மட்டும் வைத்தால் படமே இல்லை. அறிவு கைமாறிச் செல்லும்போது வளர்கிறது என்பதற்கும், அதனைத் தனியுடைமை ஆக்க முயல்பவர் அதனை இழக்கிறார் என்பதற்கும் சினிமாக் காமிராவின் வரலாறு தக்கதொரு சான்றாகும். அடுத்த முறை திரையில் படம் தொடங்கும்போது, நடிகர் பெயர்களுக்கு முன்னால் எழுதப்படாத இப்பெயர்களையும் ஒரு கணம் நாம் எண்ணிப் பார்ப்பது நன்றியறிதல் ஆகும்.